பாய்மரத்தை வெட்டலாமா, மடக்கலாமா? ஏற்காட்டுத் தம்பியின் கேள்விக்கு ஒரு பதில்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது. மைத்துனரோடு பங்கு போட்டுக் கொச்சியில் 28 அடிப் பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். எடை மூன்றரை டன். பாய்மரம் அலுமினியம், பத்தரை மீட்டர் உயரம். அதைப் பிடித்திருக்கும் கம்பிகளுக்கு 18 வயது. கடலில் ஓட்டுவதோடு காயலுக்குள்ளும் போய்வர ஆசை. ஆனால் போகிற வழியில் ஏழு மீட்டர்கூட இடைவெளி இல்லாத பாலங்கள். அதனால் பாய்மரத்தில் ஒன்றரை மீட்டரை வெட்டிவிடலாமா, இல்லை அடியில் கீல் வைத்து மடக்கிக்கொள்ளலாமா என்கிறார். கம்பிகளை மாற்ற வெளிநாட்டுச் சரக்கு எதற்கு, சேலத்தில்தான் இரும்பாலையே இருக்கிறதே என்கிறார். கடைசியாக, தோட்டத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் சில்வர் ஓக்கில் ஒன்றையே பாய்மரமாகச் செதுக்கினால் என்ன என்றும் கேட்கிறார்.

நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். பாய்மரத்தில் நான் கைவைக்கக்கூடிய இடம் எது, கைவைத்தால் மொத்தமும் சரிந்துவிடும் இடம் எது? அது தெரிந்துவிட்டால் மற்றதற்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். நான் சேலத்தில் உலோகவியல் டிப்ளமோ படித்து, சில வருடம் ஒரு சோதனைக்கூடத்தில் இருந்துவிட்டு, அப்புறம் வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் 14 வருடம் ரிக்கிங் வேலை, அதாவது பாய்மரமும் கம்பிகளும் பொருத்தும் வேலை பார்த்தவன். இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். உங்கள் படகை நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாகச் சொல்லக்கூடியதை உறுதியாகச் சொல்கிறேன். பார்த்துத்தான் சொல்ல வேண்டியதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ரோட்டோர மின்கம்பத்துக்குச் சாய்வாக ஒரு ஸ்டே கம்பி கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பி தளர்ந்தால் கம்பம் கொஞ்சம் சாயும், உடனே விழாது. அதன் கால் மண்ணுக்குள் இருக்கிறது. படகின் பாய்மரத்துக்கு அந்தக் கால் கிடையாது. அதை நிறுத்துவது முழுக்க முழுக்கக் கம்பிகள்தான். முன்னும் பின்னும் இழுப்பவை ஸ்டே, இரு பக்கமும் இழுப்பவை ஷ்ரவுட். நடுவில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள் ஸ்ப்ரெடர். ஒவ்வொரு கம்பியின் கீழ்முனையும் டர்ன்பக்கிள் என்ற, திருகி இறுக்கும் கருவியில் முடியும். டர்ன்பக்கிள் செயின்பிளேட் என்ற பட்டையில் மாட்டியிருக்கும். பட்டை படகின் உடலோடு போல்ட் போட்டு இறுகியிருக்கும். காற்று பாயைத் தள்ளும்போது அந்த விசை பாயிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து ஒரு ஊசி (பின்) வழியாகப் பட்டைக்கும், பட்டையிலிருந்து படகுக்கும் போகிறது. இந்த வழியில் எந்தக் கண்ணி மெலிந்திருக்கிறதோ அங்கேதான் அறும். சேலத்துக்காரருக்குத் தறியைச் சொன்னால் சட்டென்று புரியும். பாவில் ஒரு பக்கம் இழை தளர்ந்தால் குறை அந்த இழையோடு நிற்காது, நெய்யும் துணியே கோணிக்கொண்டு வரும்.

கம்பிகள் பக்கவாட்டில் இழுக்கின்றன என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அவை மரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்துகின்றன. உச்சிக்குப் போகும் ஷ்ரவுட்டுக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள கோணம் ஏறக்குறைய 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியைப் பக்கவாட்டில் 100 கிலோ விசையோடு பிடித்து நிறுத்த அந்தக் கம்பி 480 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். கோணம் 6 டிகிரியாகக் குறைந்தால் அதே வேலைக்கு 960 கிலோ. ஸ்ப்ரெடர் கைகள் இருப்பதே இந்தக் கோணத்தை அகலமாக வைத்திருக்கத்தான். உங்கள் படகுக்கு ஒரு மேலோட்டமான கணக்கும் போடலாம். படகு 30 டிகிரி சாயும்போது அதை நிமிர்த்தும் நெம்புகோலின் கைநீளம் 45 சென்டிமீட்டர் என்றும், நடுக்கோட்டிலிருந்து செயின்பிளேட் 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைப்போம். 3,500 கிலோவை 0.45ஆல் பெருக்கி 1.2ஆல் வகுத்தால் 1,300 கிலோவுக்குச் சற்று மேல். அலையில் வரும் குலுக்கலுக்காக அதை ஒன்றரை மடங்காக எடுப்பது வழக்கம். ஆக மரத்தின் காலில் ஏறத்தாழ 2 டன் அழுத்தம். இந்த இரண்டு அளவுகளும் உங்கள் படகில் மாறும், அளந்துதான் போட வேண்டும். ஆனால் இரண்டு டன் என்ற தோராய அளவு மனதில் இருக்கட்டும்.

இப்படி அழுத்தப்படும் ஒல்லியான தண்டு நசுங்கி உடைவதில்லை, வளைந்து மடிந்து போகிறது. எவ்வளவு அழுத்தத்தில் மடியும் என்பது அதன் தாங்கலில்லாத நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்ப்ரெடர் இருக்கும் இடத்தில் மரம் பக்கவாட்டில் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றினால் தாங்கலில்லாத நீளம் இரட்டிப்பாகும், மரத்தின் தாங்கும் திறன் கால் பங்காகும். பாதியாகக்கூட இல்லை, கால் பங்கு. அதனால் ஸ்ப்ரெடர், அதன் அடியில் மரத்தோடு சேரும் மூட்டு, அதன் நுனியில் கம்பி உட்காரும் பள்ளம், இவற்றில் எதையும் எளிமையாக்குகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள்.

சரி, வெட்டும் யோசனைக்கு வருவோம். பத்தரை மீட்டர் மரம், அதன் கால் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில். மொத்தம் பன்னிரண்டு மீட்டரை ஒட்டி வரும். ஒன்றரை மீட்டரை வெட்டினாலும் பத்து மீட்டருக்கு மேல் மிச்சம். நீங்கள் சொல்லும் பாலமோ ஏழு மீட்டர்கூட இல்லை. வெட்டியும் பாலத்துக்கு அடியில் போக முடியாது. அதோடு முன்பாய், பெரிய பாய் இரண்டையும் புதிதாகத் தைக்க வேண்டும், எல்லாக் கம்பிகளின் நீளமும் கோணமும் மாறும், பாயின் விசை விழும் மையம் இடம் மாறுவதால் சுக்கானைப் பிடிக்கும் கையில் அதன் பாரம் வேறு விதமாகத் தெரியும். காற்று பலமாக இருக்கும்போது பாயைச் சிறிதாக்க வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால், அதற்குப் பாயைக் கீழே இறக்கிச் சுருக்கிக் கட்டும் ரீஃப் முறை ஏற்கெனவே இருக்கிறது. வெட்ட வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெட்டாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. உயரத்தில் இருக்கும் எடை படகின் நிலைத்தன்மையைக் குறைக்கிறது, அது உண்மை. ஆனால் அதே எடைதான் படகு ஆடும் வேகத்தைக் குறைத்து, திடீரென்று பக்கவாட்டில் மோதும் அலைக்கு எதிர்ப்பும் கொடுக்கிறது. 1979-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தின்போது புயலில் 15 பந்தய மாலுமிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு படகுகள் ஏன் கவிழ்கின்றன என்று நடந்த ஆராய்ச்சிகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று, பாய்மரத்தை இழந்த படகு பாய்மரம் உள்ள படகைவிட எளிதாக உருளும் என்பது. ஒன்றரை மீட்டர் வெட்டினால் உங்கள் படகு கவிழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, வித்தியாசம் சிறியதாகவே இருக்கும். உயரத்தைக் குறைத்தால் எல்லா வகையிலும் பாதுகாப்பு கூடும் என்ற நினைப்பு சரியல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மடக்குவதுதான் வழி. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கேபினுக்குள் போய் நின்றால் பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே ஏரா (படகின் அடிமுதுகு, கீல் அல்ல, keel) வரை வருகிறதா, இல்லை மேல்தளத்தோடு நின்று அடியில் வேறொரு தூண் இருக்கிறதா? தூண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது மேல்தளத்தில் நிறுத்திய மரம், கீல் வைக்கலாம். ஏரா வரை இறங்கும் மரம் என்றால் மேல்தள மட்டத்தில் அறுத்துக் கீல் வைப்பது பெரிய மாற்றம். மேல்தளமும் ஏராவுமாக இரண்டு இடத்தில் இறுகப் பிடிபட்ட மரத்தின் கால் அசையாது. கீல் வைத்தபின் அந்தப் பிடிப்பு போய்விடும். கணக்குப்படி, அடிப்பகுதியின் மடியாமல் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கூடவே, இதுவரை ஏராவுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த அந்த இரண்டு டன்னும் இனி கேபின் கூரைமேல் உட்காரும். அடியில் புதுத் தூண் வைக்காமல் விட்டால் கூரை அமுங்கும், கேபின் கதவு இறுகும், கம்பிகள் தாமாகத் தளரும். இந்த மாற்றத்தைப் படகு வடிவமைப்பாளர் ஒருவர் உங்கள் மரத்தின் குறுக்குவெட்டை அளந்து கணக்குப் போட்டுக் கொடுத்தால்தான் செய்ய வேண்டும். எழுத்தில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமில்லை இது.

மேல்தளத்தில் நிற்கும் மரம் என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். கீலில் பலரும் செய்யும் தவறு, மரத்தின் எடையையும் அழுத்தத்தையும் கீலின் ஊசியில் ஏற்றிவிடுவது. மரம் நிமிர்ந்து நிற்கும்போது அதன் கால் முழுவதும் அடித்தகட்டில் பதிந்து உட்கார வேண்டும். ஊசிக்குச் சாய்க்கும்போது மட்டும்தான் வேலை. அதனால் ஊசித் துளையை வட்டமாகப் போடாமல் மேலும் கீழுமாகச் சற்று நீள்துளையாகப் போடுவோம். நிமிர்த்தி முடித்ததும் ஊசியைக் கையால் ஆட்டிப் பார்த்தால் தளர்வாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இரண்டு டன்னும் அந்த ஊசியில் நிற்கிறது என்று பொருள்.

அடுத்தது, மரம் இறங்கும்போது பக்கவாட்டில் சாயாமல் இருப்பது. பின்பக்கமாக இறக்குகிறீர்கள் என்றால் முன்ஸ்டேயையும், கீலுக்கு முன்னால் மாட்டியிருக்கும் கீழ் ஷ்ரவுட்களையும் (உச்சிவரை போகாமல் மரத்தின் நடுவோடு நிற்பவை) கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவை இறுகி மரத்தை இறங்க விடாது. கீலுக்குப் பின்னால் இருப்பவை தாமாகத் தளரும். உச்சிக்குப் போகும் பக்க ஷ்ரவுட்டின் செயின்பிளேட் கீலின் ஊசிக்கு நேர்ப் பக்கத்தில், அதே உயரத்தில் இருந்தால் முழு இறக்கத்திலும் ஒரே இறுக்கத்தில் இருக்கும். ஆனால் உங்களுடையது போன்ற படகில் மரம் கேபின் கூரைமேல் நிற்கும், செயின்பிளேட் கீழே பக்கத் தளத்தில் இருக்கும். அப்போது மரம் இறங்க இறங்க அந்தக் கம்பிகளும் தளர்ந்துகொண்டே போகும். பாதி இறக்கத்தில் ஒரு படகு அந்தப் பக்கமாகப் போய் அலை அடித்தால் போதும், பத்தரை மீட்டர் மரம் பக்கவாட்டில் வீசிக் கீலையே முறுக்கிப் பிய்த்துவிடும். இதற்கு வழி, கீல் ஊசியின் உயரத்துக்கு நேராக இரு பக்கமும் ஒரு வளையம் வருமாறு கயிறு கட்டி, அந்த வளையத்திலிருந்து மரத்தின் நடுப்பகுதிக்குத் தனியாக ஒரு தற்காலிகப் பக்கக் கயிறு போடுவது. நீளம் மாறாத கயிறு அதுதான். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் ஒரு முறை அளவெடுத்துச் செய்துவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட வேலை.

தூக்கி இறக்கும் விசைக்கு ஜின் போல் (gin pole) என்ற தண்டு வேண்டும். மரத்தின் அடியிலிருந்து முன்பக்கமாக மூன்று மீட்டர் தண்டு ஒன்றை நீட்டி, அதன் நுனியில் முன்ஸ்டேயைக் கட்டி, நுனியிலிருந்து படகின் அணியத்துக்கு (முன்முனைக்கு) கப்பி போட்ட கயிறு. மரம் படுக்கும்போது இந்தத் தண்டு எழுந்து நிற்கும், அதனால் இழுக்கக் கோணம் கிடைக்கும். தண்டு இல்லாமல் படுத்திருக்கும் மரத்தை முன்ஸ்டேயைப் பிடித்து நேராக இழுத்தால் கயிறும் மரமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் மரம் எழாது. கம்பிகளோடு சேர்த்து மரம் 50 கிலோ, அதன் எடை மையம் காலிலிருந்து ஐந்து மீட்டர் என்று வைத்தால், மூன்று மீட்டர் தண்டின் நுனிக் கயிற்றில் ஏறத்தாழ 110 கிலோ வரும். நான்கு மடங்குக் கப்பி போட்டால் கையில் 30 கிலோவை ஒட்டி. இரண்டு பேர் நிதானமாகச் செய்யலாம். தண்டுக்கும் இரு பக்கம் பிடிகயிறு கட்ட மறக்காதீர்கள்.

மடக்கியபின் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. படகின் நீளம் எட்டரை மீட்டர். மரம் அணியத்திலிருந்து சுமார் மூன்றரை மீட்டரில் நின்றால் அதற்குப் பின்னால் படகு ஐந்து மீட்டர்தான். மீதி ஐந்தரை மீட்டர் மரம் படகுக்குப் பின்னால் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். எடை மையம் பின்பக்கத் தாங்கலுக்கு நேராக வருவதால் மொத்த எடையும் அந்தத் தாங்கல்மேல்தான். பின்பக்கக் கம்பிவேலியில் சாத்தி வைத்தால் அது வளைந்துபோகும். கட்டையால் எக்ஸ் வடிவத் தாங்கல் ஒன்று செய்து மேல்தளத்தில் உறுதியாக நிறுத்துங்கள். அதிக நேரம் அப்படியே போவதாக இருந்தால் கீல் ஊசியைக் கழற்றி மரத்தை முன்னால் நகர்த்திச் சமமாக வைத்துக் கட்டிவிடுங்கள்.

இனி கம்பி. 18 வருடம் வெப்பமண்டலக் கடற்காற்றில் இருந்த கம்பியை நான் ஒரு நாளும் நம்ப மாட்டேன். பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து வருடத்துக்குள் மாற்றுவது வழக்கம், நம் பக்கத்து வெயிலுக்கும் உப்புக்கும் பத்துதான் சரி. கண்ணுக்கு நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் பாதுகாப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அதன்மேல் உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். ஆக்சிஜன் போகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அந்தப் படலம் அழிந்து, உலோகம் உள்ளே துளைபடத் தொடங்கும். கம்பி வழியாக வழியும் தண்ணீர் கடைசியில் போய்த் தேங்குவது கீழ்முனைக் குழாய்க்குள். அதனால் மேல்முனையைவிடக் கீழ்முனைதான் முதலில் போகும். பட்டறையில் ஒரு முறை பளபளவென்று இருந்த கீழ்முனை ஒன்றைத் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தேன். சற்று நேரத்தில் அந்த வெள்ளையில் தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு நெடுக்காக எழுந்து வந்தது. அந்தப் படகு அடுத்த வாரம் கடலுக்குப் போக இருந்தது. இந்தச் சாயச் சோதனைப் பொருள்கள் சேலத்தில் வெல்டிங் சாமான் விற்கும் கடைகளிலேயே கேட்டால் கிடைக்கும். உங்கள் பழைய முனைகளில் செய்து பாருங்கள்.

சேலம் இரும்பாலையில் வருவது ஸ்டெயின்லெஸ் தகடும் சுருளும். பாய்மரக் கம்பி வேறு சரக்கு. நடுவில் ஒரு இழை, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு என்று மொத்தம் 19 இழை முறுக்கிய விறைப்பான கம்பி அது. கடையில் 1x19, ஒன்றுக்குப் பத்தொன்பது என்று கேட்க வேண்டும். லிஃப்டிலும் கிரேனிலும் ஓடும் வளையும் கம்பி இதற்கு ஆகாது, அது நீளும். தரம் 316. இதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பின் துளைப்பைத் தாங்கும். 304-ல் அது கிடையாது. நம் ஊர்ப் பட்டறைகளில் எஸ்.எஸ். என்ற பெயரில் 202-ம் கலந்து புழங்குகிறது, பாத்திரத்துக்கும் கைப்பிடிச் சுவர்க் குழாய்க்கும் சரி, கடலுக்கு வேண்டவே வேண்டாம். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள், இந்த மூன்றிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைச் சொட்டு கிடைக்கிறது, அல்லது உலோகச் சோதனைக்கூடத்தில் எக்ஸ்-ரே துப்பாக்கியால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உங்கள் படகளவுக்கு 6 மில்லிமீட்டர் கம்பி வழக்கம், அது ஏறத்தாழ 2.9 டன்னில் அறும். இப்போது என்ன அளவு இருக்கிறதோ அதையே போடுவது நல்லது.

முனையைப் பட்டறையில் சுத்தியலாலோ சாதா கிரிம்ப்பராலோ பிடிக்க வேண்டாம். யு-கிளாம்ப் போட்டு மடக்கிக் கட்டவும் வேண்டாம், இந்த விறைப்புக் கம்பியில் அது நிற்காது. முனையை உருட்டி அழுத்திப் பிடிக்கும் சரியான இயந்திரம் இல்லாத இடத்தில் ஸ்டா-லாக் போன்ற திருகு முனைகள்தான் கைகொடுக்கும். கம்பியை நேராக அறுத்து, உறையை மாட்டி, வெளியே உள்ள பன்னிரண்டு இழைகளையும் மெதுவாகப் பிரித்து, உள்ளே இருக்கும் ஏழு இழைமேல் சிறிய கூம்பு ஒன்றைச் செருக வேண்டும். பிறகு பன்னிரண்டையும் அந்தக் கூம்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சம இடைவெளியில் உட்கார வைத்து, உறையை ஏற்றித் திருகுகிறோம். இறுக்கியபின் ஒரு தடவை கழற்றிப் பார்த்து, இழைகள் அழகாக மடிந்து படிந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டு, உள்ளே சீலண்ட் நிரப்பி மறுபடி இறுக்க வேண்டும். முதல் முனைக்கு ஒரு மணி நேரம் ஆகும், நான்காவதற்குக் கால் மணி. இரண்டு ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் உங்கள் தோட்டத்து வராந்தாவில் உட்கார்ந்தே செய்யலாம். டர்ன்பக்கிளில் போடும் ஸ்ப்ளிட் பின் புதிதாக இருக்கட்டும். அதன் கால்களைப் பின்னால் சுருட்டாமல் லேசாக விரித்து விட்டால் போதும், ஆபத்தில் கழற்ற வேண்டியிருந்தால் சட்டென்று வரும். நான் பார்த்த பாய்மர விழுகைகளில் மரமே முறிந்ததைவிட, இந்த மாதிரி ஊசியோ முனையோ பட்டையோ போனவைதான் மிகுதி.

பட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது என் கையால் நடந்தது. ஒரு படகுக்காரர் கம்பிகளை 6-லிருந்து 8 மில்லிமீட்டராகத் தடிப்பாக்கச் சொன்னார். நானும் செய்துகொடுத்தேன். மரம் இரும்புத் தூண் மாதிரி நின்றது. செயின்பிளேட் கேபின் சுவர் மரப்பலகைக்குப் பின்னால் மறைந்திருந்தது, பலகையைக் கழற்ற அவர் விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு ராத்திரிக் காற்றில் அந்தப் பட்டை மேல்தளத்தைத் துளைத்து வரும் இடத்தில் துண்டாகிவிட்டது. மரம் பக்கவாட்டில் கடலுக்குள் விழுந்து, கம்பிகளில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் படகின் உடலை இடித்தது. அவர்கள் ஊசிகளைத் தட்டிக் கழற்றியும் கம்பியை வெட்டியும் மரத்தைக் கடலுக்கு விட்டுவிட்டுத் தப்பித்தார்கள். உடைந்த பட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். முறிவின் முக்கால் பங்கு பழைய பழுப்பு, கால் பங்குதான் புதுப் பளபளப்பு. அந்தப் பட்டை பல வருடமாகக் கால் பங்கில்தான் நின்றிருக்கிறது. கம்பியைத் தடிப்பாக்கியதில் பயன் ஏதும் இல்லை. கூடுதல் இறுக்கம்தான் அந்தக் கால் பங்கின்மேல் விழுந்தது. அன்றிலிருந்து பட்டைகளைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்க்காமல் ஒரு கம்பியையும் நான் மாற்றியதில்லை. நீங்களும் மாற்றாதீர்கள்.

இங்கேதான் சேலம் உங்களுக்குப் பயன்படும். செயின்பிளேட், கீலின் அடித்தகடு, கூரைக்கு உள்பக்கம் வைக்கும் தாங்குத் தகடு, இவையெல்லாம் 316எல் தகட்டில் லேசரில் வெட்டி, துளைகளைத் துரப்பணத்தில் போட்டு, விளிம்பை உருட்டி மெருகு போட்டு எடுக்கும் வேலை. கொண்டலாம்பட்டி பக்கமோ சூரமங்கலம் பக்கமோ உள்ள பட்டறைகளில் இதைச் செய்யும் கை இருக்கிறது. பழைய பட்டையை அப்படியே மாதிரியாகக் கொடுங்கள். மெருகு கண்ணாடி போல இருக்கட்டும், கரடுமுரடான பரப்பில்தான் உப்பு தங்கும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேரும் இடத்தில் நடுவே டியூராலாக் போன்ற பசை தடவுங்கள். உப்புத் தண்ணீரில் இவை இரண்டும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அலுமினிய மரத்தின்மேல் எதையும் வெல்டிங் செய்ய விடாதீர்கள். சூட்டில் பதப்படுத்திய அலுமினியம் அது, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிவெட், உள்குழாய், திருகு, இவைதான் வழி.

சில்வர் ஓக் விஷயத்தில் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. மிளகுக் கொடி ஏறிய அந்த மரங்கள் நிற்கும் நேர்த்தியைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும். ஆனால் அது பாய்மரத்துக்கு ஆகாது. பாய்மரத்துக்குப் பேர்போன ஸ்ப்ரூஸ் மரத்தைவிட அது கனம் கூடுதல், ஈரத்தில் சீக்கிரம் உளுத்துப்போகும். நம் பக்கத்தில் பாய்மரத்துக்கென்று பேர் வாங்கியது மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப்புன்னை. இன்னொன்று, மலைச் சரக்காக இருக்க வேண்டும் என்றால் அலுமினியமும் உங்கள் மலைச் சரக்குதான். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமாகிய காலம் உண்டு. சில்வர் ஓக்கைக் கேபினுக்குள் அலமாரிக்கும், நான் மேலே சொன்ன எக்ஸ் வடிவத் தாங்கலுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

டைனீமா என்ற பலமான செயற்கை இழைக் கயிற்றை ஸ்டெயின்லெஸ் கம்பிக்குப் பதிலாகப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் என்னைப் போன்றவர்களிடையே ஒரே கருத்து இல்லை. எடை மிகக் குறைவு, கையால் பின்னி முடிக்கலாம், மடக்கும் மரத்துக்குச் சுருட்டி வைக்க வசதி. ஆனால் நிலையான பாரத்தில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும் குணம் அதற்கு உண்டு, அதனால் அறும் பலத்தைப் பார்த்து அளவெடுக்கக் கூடாது, நீளும் அளவைப் பார்த்துத் தடிமனாக எடுக்க வேண்டும். வெயிலும் உராய்வும் அதற்கு எதிரிகள். நான் என் கையால் செய்தவை சிறிய படகுகள் மட்டும். உங்கள் படகுக்குக் கம்பிதான் என் தேர்வு, மடக்கும்போது கழற்றி மாட்டும் முன் கீழ் ஷ்ரவுட்டுகளில் மட்டும் டைனீமா போட்டுப் பார்க்கலாம்.

எல்லாம் மாட்டியபின் இறுக்கத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டாம், இரண்டு மீட்டர் மரக்கோல் போதும். 19 இழைக் கம்பியில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நீட்சி என்றால் அது அறும் பலத்தில் 5 சதவீதம். கோலின் ஒரு முனையைத் தளர்ந்த கம்பியில் டேப் போட்டு ஒட்டி, மறுமுனைக்கு நேராகக் கம்பியில் ஒரு கோடு போட்டுவிட்டு டர்ன்பக்கிளைத் திருகுங்கள். கோடு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால் 15 சதவீதம். உச்சி ஷ்ரவுட்டுக்கு 15 முதல் 20 சரி. ஒரு பக்கம் அரைச் சுற்று, மறு பக்கம் அரைச் சுற்று என்று மாறி மாறி ஏற்றுங்கள். பிறகு படகை ஓட்டி, 20 டிகிரி சாய்வில் காற்றுக்கு மறுபக்கக் கம்பி தொளதொளவென்று தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். கிளம்பும் முன் படகில் ஒரு நல்ல போல்ட் கட்டரும், ஊசியைத் தட்டி எடுக்கும் பஞ்ச் கம்பியும் சுத்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் பந்தயத்தில் இருந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் புரண்டு பாய்மரங்களை இழந்தது. அவர் முதுகெலும்பு காயத்தோடு படுத்த படுக்கையாகக் கிடந்து, மூன்று நாளுக்குப் பிறகுதான் மீட்கப்பட்டார். அந்த மாதிரி அலைக்கு எந்த ரிக்கிங்கும் உத்தரவாதம் தர முடியாது.

காயலுக்குள் போகும்போது பாலத்தைவிட எனக்குப் பயம் மின்கம்பிகள்தான். குறுக்கே போகும் மின்தடத்தின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, வெயிலில் அது இன்னும் தாழ்ந்து தொங்கும். அலுமினிய மரம் அதைத் தொட்டாலோ நெருங்கினாலோ படகில் இருப்பவர்கள் உயிருக்கே ஆபத்து. மின்தடம் தெரிந்தால் அதற்கு வெகு முன்பே மரத்தை இறக்கிவிடுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் வைத்து மரத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டாம்.

அடுத்த முறை கொச்சிக்குப் போகும்போது மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். கேபினுக்குள்ளிருந்து பாய்மரத்தின் கால் நிற்கும் இடம், பலகையைக் கழற்றியபின் ஒரு செயின்பிளேட், ஒரு ஷ்ரவுட்டின் கீழ்முனை அருகிலிருந்து. கூடவே கேபின் கூரைக்கும் பக்கத் தளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், மரத்தின் குறுக்களவு, சுவர்த் தடிமன் மூன்றையும் அளந்து எழுதுங்கள். பட்டைகளை மழைக்காலத்துக்கு முன் கழற்றிவிட்டால், ஜூன் முதல் செப்டம்பர் வரை படகு கரையில் இருக்கும்போது சேலத்தில் வெட்டு வேலையை முடித்துவிடலாம்.